கூடைக்குச் சாக்குக் கட்டியவனின் பதில்

நடுநாற்காலியை நிரப்பி, நிரப்பியதோடு நில்லாமல் இருபுறமும் சற்றே வழிந்து வீற்றிருக்கும் சங்கத் தலைவர் பழனியப்பன் அவர்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயற்குழுப் பெரியோர்களே! பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! அணைக்க மறந்து வந்திருக்கும் அன்னையரே! சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் பின்வரிசைத் தோழர்களே! செந்தூல் ரயில் பட்டறையில் சம்மட்டி பிடிக்கும் ரெங்கசாமியின் அடக்கமான வணக்கம்.

அடக்கம் என்றதும் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் உங்களைப் பார்த்து நான் சிரிக்கப்போகிறேன்.

என்மேல் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்க வந்தவன், கூடையின் வாயைச் சாக்கால் கட்டிவைத்து, மூன்று வாரமாக ஒருவனையும் பந்தெறிய விடவில்லையாம். ஆகவே அணியைக் கலைத்துவிட்டு, திடலை ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிமார்களின் டென்னிசுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நான் பேசி முடித்ததும் வாக்கெடுப்பு. பிள்ளைகள் வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள். நாளைக்கு வரலாமா, வேண்டாமா? அவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கட்டினேன். இரட்டை முடிச்சுப் போட்டே கட்டினேன். ஏன் கட்டினேன்? அதைக் கேட்க இந்தச் சபையில் ஒருவருக்காவது நேரம் இருந்ததா?

கிள்ளானில் சீனப் பள்ளிப் பிள்ளைகளோடு மோதப் போனோமே, அன்று ரயிலில் என்னென்ன ஏற்றினோம்? பிள்ளைகள் ஐந்து பேர். பந்து ஒன்று. மாலைகளோ இரண்டு கூடை! உலகத்தில் எந்த ஊர்க்காரனாவது பந்தாட்டத்துக்கு மாலை கட்டிக்கொண்டு போவானா? நாம் போனோம். மாலை இல்லாமல் நமக்கு எது நடக்கும்? கல்யாணத்துக்கு மாலை, கருமாதிக்கு மாலை, கிராணிக்கு மாற்றல் வந்தால் மாலை, மாற்றல் ரத்தானால் மறுபடியும் மாலை!

ஆட்டத்தின் முறை சின்னது. கூடையில் பந்து விழுந்தால் இரண்டு புள்ளி. விழுந்தவுடன் பந்து நடுத்திடலுக்கு வரும். நடுவர் அதை மேலே எறிவார். பக்கத்துக்கு ஒருவன் எகிறித் தட்ட வேண்டும். நம் பக்கம் எகிறுகிறவன் பாலன். உயரமானவன், கூடையில் போடுவதிலும் கெட்டிக்காரன். இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் நாகையா அண்ணனின் அருமை மகன்.

பாலன் முதல் கூடை போட்டான். அடுத்த நொடி, அண்ணன் திடலுக்குள் ஓடினார், கையில் மாலையோடு! மகன் கழுத்தில் போட்டார், நடுவர் பொறுத்தார். இரண்டாவது கூடை, இரண்டாவது மாலை. நடுவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அப்படியே ஒன்பது கூடை, ஒன்பது மாலை. ஒன்பதாவதில் இரு பக்கமும் பதினெட்டுக்குப் பதினெட்டு. இன்னும் ஒரே நிமிடம். நடுவர் மூன்று முறை ஊதினார். நம் பாலன் எங்கே? அன்னையர் பக்கம் திரும்பி, இரு கையும் கூப்பி, வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறான்! நடுவர் பந்தை எறிந்தார். எகிற நம்மவன் இல்லை. கிள்ளான் பையன்கள் நாலே கைமாற்றத்தில் கூடைக்குள் போட்டுவிட்டார்கள். இருபதுக்குப் பதினெட்டு. ஆட்டம் முடிந்தது. மாலை மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

என்ன அண்ணே? தகப்பனுக்கு ஆசை இருக்காதா என்று கேட்கிறீர்களா? இருக்கும், இருக்க வேண்டும். அந்த ஆசையைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்திருக்கலாமே!

வென்ற பிள்ளைகளிடம் போய், உங்களில் அதிகக் கூடை போட்டது யார் என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள். பாதியில் கணக்குத் தப்பி, ஐஸ் வாங்கப் போய்விட்டார்கள்.

திரும்பும் வண்டியில் எல்லாரும் பாலன் புராணம் பாடினோம். அப்போது உர்சுலா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நம் ஐந்து பிள்ளைகளில் ஒருவனான இக்னேஷியஸின் தாயார். மெதுவாகத்தான் கேட்டார்:

“தம்பி, என் மகன் இன்னிக்கி ஆடினானா, சும்மா நின்னானா? ஒருத்தரும் அவன் பேரச் சொல்லலையே.”

உட்கார்ந்து எண்ணிப்பார்த்தேன். பாலனின் ஒன்பது கூடையில் எட்டு, இக்னேஷியஸின் கையிலிருந்து போன பந்து. எட்டு! அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்தவை. பழக்குகிற நானே என்ன செய்தேன்? பாலன், பாலன் என்று ஊளையிட்டேன். உங்களை ஏசுகிறவன் தன்னை விட்டுவிட்டான் என்று நினைக்காதீர்கள். அந்த மந்தையில் முதல் ஆடு நான்தான்.

மறுநாள் இக்னேஷியஸ் ஆட்டப் பனியனைத் துவைத்து மடித்து என் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மற்ற நால்வரும் வந்தார்கள், ஆளுக்கொரு மாலைக் கனவோடு! ஒருவன் நடுத்திடலிலிருந்து எறிகிறான், ஒருவன் சாக்கடைக்கு அந்தப்புறம் நின்று எறிகிறான். அடுத்தவனுக்குப் பந்து கொடுக்க ஒருவனில்லை. சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல் அப்படி ஒரு வலி!

அன்று மாலைதான் சாக்கை எடுத்தேன். நேரே இக்னேஷியஸின் வீட்டுக்குப் போனேன். “மூணு வாரம் யாரும் கூடையப் பாக்கப் போறதில்ல. கொடுக்கிறது, வாங்கிறது, அவ்வளவுதான். நீ வாடா,” என்றேன். வந்தான்.

பட்டறையில் இரும்புத் தகடுகளை இணைக்க நாங்கள் ரிவிட்டு ஆணி அடிப்பதை நீங்கள் பார்த்ததில்லை. ஒருவன் காய்ச்சுவான், ஒருவன் குறட்டால் எடுத்து எறிவான், ஒருவன் தகர டப்பாவில் பிடிப்பான், ஒருவன் துளையில் செருகுவான், நான் அடிப்பேன். சிவக்கச் சிவக்க வரும் ரிவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழகு பார்ப்பானா எவனாவது? நீங்கள் ஏறிப்போகும் ரயில் பெட்டியில் எந்த ரிவிட்டு ரெங்கசாமி அடித்தது என்று கேட்டதுண்டா? பந்தையும் அப்படிப் பழக்கினேன். வாங்குகிறவன் “சூடு” என்று கத்த வேண்டும், மூன்று எண்ணுவதற்குள் கைமாற்ற வேண்டும். நின்ற இடத்தில் ஒரு காலை ஊன்றி மறுகாலால் திரும்பு. தரையைப் பார்க்காமல் பந்தைத் தட்டு. நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு எறி. மூன்று வாரம் திடலெங்கும் சூடு, சூடு என்று ஒரே சத்தம். அதற்கும் புகார் கொடுத்தீர்கள்!

நேற்று சாக்கை அவிழ்த்தேன். பாலன் கையில் பந்து. கூடைக்கு நேர் கீழே நிற்கிறான், தடுக்க ஆளில்லை. தூக்கத்தில்கூடப் போட்டுவிடுவான். போடவில்லை. திரும்பி இக்னேஷியஸிடம் எறிந்தான்.

“நீ போடுடா.”

இக்னேஷியஸ் போட்டான். விழவில்லை. பலகையில் பட்டுச் சாக்கடைக்குள் போனது. பாலன் இறங்கினான், பந்தை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தான், மறுபடியும் அவனிடமே கொடுத்தான். இரண்டாவதும் விழவில்லை. மூன்றாவதும் விழவில்லை, அதை நாணயமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியோர்களே, நம்மிடம் அணி என்று ஒன்று நேற்று மாலைதான் பிறந்தது. அதற்கு முன் இருந்தது ஐந்து கழுத்து. ஐந்து கழுத்தை நீங்கள் கலைக்கவில்லை, சீராட்டினீர்கள். அணி பிறந்த மறுநாளே தீர்மானம் கொண்டுவருகிறீர்களே! உங்கள் அறிவை எந்தத் தராசில் நிறுப்பது?

வாக்கெடுப்புக்கு நான் இறங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அணி இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். அன்னையர் பக்கம் முழுவதும். நல்லது. பின்வரிசை, ஒருவருக்கு ஒரு கைதான் தோழா, இறக்கு. செயற்குழு, ஒருவர் தூக்கினால் மற்றவர் தூக்குவார், இதோ, தூக்கிவிட்டார்கள். நாகையா அண்ணே... அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். தலைவர் அவர்களின் கை காதுவரை வந்து நிற்கிறது. சொறியவா, சம்மதிக்கவா? மேலே, ஐயா. இன்னும் கொஞ்சம் மேலே. போதும்.

பொறுத்தவர்களுக்கு நன்றி, பொறுக்காதவர்களுக்கு இரட்டை நன்றி. அனைவர்க்கும் வணக்கம். நான் மரத்தடிக்குப் போகிறேன். நாளை ஐந்து மணிக்கு எல்லாரும் வர வேண்டும், இக்னேஷியஸ் மட்டும் நாலரைக்கே வர வேண்டும். அவனுக்கு இன்னும் கூடையில் போடத் தெரியவில்லை.