சம்சாரம் இல்லாத வீடு

— பின் கதவை மொத்தமா அழிச்சா பாத்தேள், அண்ணாச்சி?

— ஐயோ, நான் எதுக்கு சார் அழிக்கேன்? பூப்போலக் கழத்தித்தான் பாத்தேன்.

— அதே, அதே. நாங்க இங்க கழட்டறதைத்தான் அழிக்கறதும்போம். பாதி மலையாளம், பாதி தமிழ். திருவனந்தபுரத்துத் தமிழ் அப்படித்தான்.

— நான் தென்காசியிலேருந்து வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாப் பாக்கல சார். போகப் போகப் பிடிபடும். இங்க வாங்க, ஒங்க பழைய மோட்டாரப் பாருங்க. பின் கண்ணாடியில வைப்பர் தண்டு வெளிய வருதுல்லா, அதச் சுத்தியிருந்த ரப்பர் வெடிச்சுப் போச்சு. மழைத்தண்ணி பூரா உள்ள எறங்கித் துருவேறி, சவத்து மோட்டார் அப்படியே இறுகி… மன்னிச்சிக்கிடுங்க கேசவ் சார், வாய் தவறி வந்துட்டு.

— மோட்டாரைத்தானே திட்டினேள். அதுக்கு எங்கிட்ட எதுக்கு மன்னிப்பு?

— இருந்தாலும் துக்கத்துல இருக்க ஆளு முன்னால சவம் கிவம்னு சொல்லலாமா?

— துக்கம் இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். அதை விடுங்கோ. புதுசு மாத்தியாச்சோல்லியோ?

— மோட்டாரும் மாத்தி, புது ரப்பரும் போட்டாச்சு. டிக்கியில அம்மாவோட கொடையும் ஒரு தலைக் கிளிப்பும் கெடந்திச்சு. கிரீஸ் படாம வெள்ளத் துணியில சுத்தி சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கேன்.

— குடையை எதுக்கு சாமி படத்துக்குக் கீழ? சரி, இருக்கட்டும்.

— நீங்க போன்ல சொன்னதுலேருந்து எனக்கு வேலையே ஓடல சார். ‘ஆத்துல சம்சாரமே இல்ல அண்ணாச்சி, சம்சாரம் இல்லாத ஆத்துல மனுஷன் எப்படி இருக்கறது’ன்னு கேட்டிய.

— நான் வேற யார்ட்டயும் சொன்னதில்ல. வண்டிக்கு என்ன பத்தித்து, என்ன ஆச்சுன்னு நீங்க கேட்டேள், மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன்.

— எங்க வச்சு சார் நடந்திச்சு?

— தெருவுல வெச்சுதான். நல்ல மழை. வண்டியை ரிவர்ஸ் எடுத்துண்டிருந்தா. முன் வைப்பர் ஓடறச்சே ரிவர்ஸ் போட்டா பின் வைப்பரும் தானா ஓடணுமே, ஓடல. கண்ணாடி பூரா வெள்ளம். எதிராத்து மதில்ல போய் ஒரு இடி.

— ஆண்டவா! அப்பவேவா?

— அப்பவேதான். அதுக்கப்பறம் ஒரு சத்தம் இல்ல.

— பிள்ளைங்க?

— ஒரு பையன். சுமந்த். பெங்களூர்ல படிக்கறான். அவன்ட்ட ஒண்ணும் சொல்லல.

— பெத்த பிள்ளைகிட்டயா சொல்லல?

— எதுக்கு வெறுதே அவனை வெஷமிப்பிச்சுக் கவலைப்படுத்தணும்? பரீட்சை நேரம். நாலு நாள்ல தானா சரியாயிடும்னு நெனச்சேன்.

— சரியாவுதுக்கு அது என்ன காய்ச்சலா, தலவலியா? மகன் வராம எப்படி சார் எடுத்திய?

— எதை எடுத்தேன்?

— நான் கேக்கது தப்புன்னா விட்டுருங்க சார்.

— இல்ல, இல்ல. ஒங்ககிட்ட சொன்னா மனசுக்கு ஒரு சமாதானம். இன்னிக்குக் காலம்பறகூட தோசை வார்த்து மேஜைமேல வெச்சா. பக்கத்துல சட்னி வெச்சா. ஒரு வார்த்தை கெடையாது.

— யாரு வச்சாக?

— பத்மஜாதான்.

— பத்மஜா யாரு சார்?

— என் ஆம்படையாள். என்ன அண்ணாச்சி, ஸ்பானரைக் கீழ போட்டுட்டேள்?

— அப்ப தவறிப்போனது யாரு?

— யாரும் தவறலையே!

— சம்சாரம் இல்லன்னு சொன்னியள்லா?

— ஆமா, பேச்சு இல்ல. மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு.

— சம்சாரம்னா எங்க ஊர்ல பொண்டாட்டி சார்!

— பகவானே! அப்போ இத்தனை நேரமா அவளைக் கொன்னு, குடையை சாமி படத்துக்குக் கீழ வெச்சு…

— நான் எங்க சார் கொன்னேன்? நீங்கதான போன்லயே கொன்னுட்டிய!

— ஐயோ, வயிறு வலிக்கறது. இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு.

— நல்லா சிரிங்க. அவுக நூறு வயசு இருக்கட்டும். அப்ப அந்த அம்மா ஏன் பேச மாட்டேங்காக?

— இடிச்ச ஒடனே தெரு பூரா கூடிடுத்து. எதிராத்து அனந்தலக்ஷ்மி மாமிலேர்ந்து கோயில்லேர்ந்து வந்தவா வரைக்கும் நின்னுண்டிருந்தா. அத்தனை பேர் கேக்க நான் கத்தினேன். ‘ஓட்டத் தெரியாதவா ஆத்தோட கெடக்கணும், ஒனக்கெல்லாம் என்னத்துக்கு வேலை’ன்னு.

— அது பெரிய வார்த்த சார்.

— பெரிய வார்த்தைதான். பின் வைப்பர் ஓடல, ஓடலன்னு அவ சொல்லிண்டேதான் இருந்தா. எத்தனையோ வண்டிக்கு அது கெடையவே கெடையாது, பாத்து ஓட்டுன்னு நான் விட்டுட்டேன். கழக்கூட்டம் ஆபீஸுக்கு டிராபிக்ல நகந்து நகந்து போறவனுக்கு ரிவர்ஸோட கஷ்டம் எங்க தெரியறது?

— வேலைன்னியளே, என்ன வேல?

— கல்லாறு பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர். சுமந்த் பொறந்தப்போ விட்டா. எத்தனை எடத்துல கேட்டு, இப்பத்தான் திரும்பக் கெடச்சிருக்கு. நாளைக்குச் சேரணும். கிழக்கேகோட்டையில பஸ் ஏறி மாறி மாறிப் போனா மணியடிச்சப்பறம்தான் போய் எத்தும். ‘நான் போகல, வண்டியைத் தொடவும் மாட்டேன்’னு மாமிகிட்ட சொல்லியிருக்கா. அதுவும் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— தப்பு என்னுதுன்னு நேராச் சொல்லீற வேண்டியதான?

— தொண்டை வரைக்கும் வருது. அவ மூஞ்சியப் பாத்தா திரும்ப உள்ள போயிடறது. எனக்கு வெக்கமா இருக்கு அண்ணாச்சி. அதான் மோட்டாரைச் சரியாக்கி வாசல்ல கொண்டு நிறுத்தினா அவளே புரிஞ்சுப்பான்னு…

— மோட்டார் கண்ணாடியத்தான் சார் தொடைக்கும்.

— நீங்களும் குத்துங்கோ.

— சார், இன்னொரு விசயம் கெடக்கு. கோவப்படக் கூடாது.

— என்ன?

— நீங்க போன் எடுக்கலன்னா ஆத்து நம்பருக்கு அடிக்கச் சொன்னியள்லா? பழசச் சுத்தம் பண்ணணுமா, புதுசே மாத்தணுமான்னு கேக்க மத்தியானம் அடிச்சேன். ஒரு அம்மா எடுத்தாக.

— பத்மஜாவா!

— ஒங்க அக்காவா இருக்கும்னு நெனச்சிட்டேன். துக்கம் கேக்காம எடுத்த எடுப்புல மோட்டாரப் பத்தி எப்படி சார் பேச? ‘சாரோட சம்சாரம் தவறிட்டாகளாமே, கேள்விப்பட்டதுலேருந்து மனசே சரியில்ல’ன்னேன்.

— அவள்ட்டயே!

— ஆமா சார். பொறவு, ‘அவர் என்ன சொன்னார்’னு கேட்டாக.

— நீங்க என்ன சொன்னேள்?

— நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தல. ‘அவ சொல்லிண்டே இருந்தா, நான் காதுல வாங்கல, தப்பு முழுக்க என்னோடது, அவ சத்தம் கேக்காம அந்த ஆத்துல கால் வெக்க முடியல’ன்னு சார் போன்ல உருகுதாரும்மான்னேன்.

— அதெல்லாமா சொன்னேள்?

— ‘இன்னொரு தடவை சொல்லுங்கோ’ன்னாக. சொன்னேன். பொறவு ஒரு மாதிரி சத்தம் வந்திச்சு. அழுதாகன்னு நெனச்சு நானும் அழுதுட்டேன்.

— அழுதாளா, சிரிச்சாளா?

— இப்ப யோசிச்சா எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. மோட்டார் மட்டும் புதுசே போடச் சொல்லிட்டாக.

— இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு ஆத்துக்குள்ள போவேன்?

— சார், ஒங்க போன் அடிக்கு.

— அவதான். என்ன செய்யட்டும்?

— எடுங்க சார். நான் வெளிய நிக்கேன்.

— போகாதேங்கோ, இங்கயே நில்லுங்கோ. ஹலோ… பத்மஜா?

— செத்துப்போனவதான் பேசறேன். மெக்கானிக்கிட்ட சொன்னதை எங்கிட்ட ஒருதரம் சொல்லுங்கோ.

— தப்பு என்னோடது, பத்மஜா. வைப்பரும் என் தப்பு, அந்த வார்த்தையும் என் தப்பு. நீ பேசாம என்னால இருக்க முடியல.

— ம். வண்டியை இருட்டறதுக்குள்ள கொண்டுவந்து நிறுத்துங்கோ. காலம்பற கல்லாறுக்கு நான் எடுத்துண்டு போறேன், நீங்க கழக்கூட்டத்துக்கு பஸ்ல போங்கோ.