நாலு விரலுக்கு ஒரு சொட்டு

எனக்குப் போர்த்திய பொன்னாடை பாலியஸ்டர். பட்டு நெய்கிறவனுக்குப் போய் இதைப் போர்த்துகிறார்களே என்று மேடையிலேயே சிரிப்பு வந்தது. ஆனாலும் கழற்ற மனசில்லாமல் பெரிய காஞ்சிபுரம் முழுக்க அதோடுதான் நடந்து வீட்டுக்கு வந்தேன். நெசவுக்காகத் தந்ததல்ல அது. பார்வை போன மனைவியை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்குத் தந்தது.

நெசவில் நான் சுமார்தான். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சேரும் இடம் தெரியாமல் நெய்ய வேண்டும். என் கையில் அது கொஞ்சம் பல்லிளிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிந்து ஊடு நூல் கோத்த என் மனைவி இளவரசிதான் முப்பது வருடம் என் மானத்தைக் காத்தவள். அவளுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில், அந்த முப்பது வருடத்துக்குப் பிறகு, தறியின் மூங்கில் சிம்பு குத்திப் புண்ணாகி, கருவிழியில் வெள்ளை விழுந்தது.

அடுத்த மூன்று வருடம் நான் பெரிய மனிதன். அந்தப் பொன்னாடையும் அப்போது வந்ததுதான். அவளுக்குச் சோறு பிசைந்து தருவேன், தலை வாரிவிடுவேன். பங்குனி உத்திரக் கூட்டத்தில் அவள் கையைப் பிடித்து நடந்தால் வழி விடுவார்கள். "ஆம்பளைன்னா இவரு ஆம்பளை" என்று எதிர்வீட்டுக் காந்தா, தன் புருஷன் காதில் விழும்படி சொல்வாள். பட்டுக்கடை முதலாளி பிரேம்நாத் என் சேலையை விரித்துக்கூடப் பார்க்க மாட்டார். "அந்தம்மாவையும் பாத்துக்கினு நெய்யறாரு, விடுங்கப்பா" என்பார்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் இறந்து கண் கிடைத்தது. "வேத்து ஆளு கண்ணு இவ உடம்புக்குப் பொருந்துமாம்மா?" என்று டாக்டர் துர்காவிடம் கேட்டேன்.

"கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது ஐயா. முதல் தடவைக்குப் பொதுவா பொருத்தம் பாக்க வேணாம். ஆனா சொட்டு மருந்த விட்டுட்டா உடம்பு அதத் தள்ளிடும்."

ஒரு நாளைக்கு ஆறு வேளை மருந்து. எங்களுக்குக் கடிகாரம் ஒத்துவராது. நாலு விரல் அகலம் நெய்தால் ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டோம்.

பார்வை தெளிந்ததும் அவள் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, தறியை. "ஏங்க, மூணு வருசமா இப்படியா நெய்ஞ்சிக்கினு இருந்தீங்க?" என்று சிரித்தாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்புதான். கண் நன்றாக ஆறும்வரை அவள் தறியில் உட்காரக் கூடாது என்றிருந்தார் டாக்டர். முதலாளியும் சேலையை விரிக்க ஆரம்பித்தார். "அதான் கண்ணு வந்துடுச்சே, இன்னும் ஏன்பா பல்லிளிக்குது?" தெருவில் எல்லாரும் அவளை நிறுத்தி நலம் விசாரித்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். பொறாமையாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், பெண்டாட்டியின் கண்மேல் பொறாமை.

மருந்து போடுவதை நான் நிறுத்தவில்லை. கண் வறட்சிக்கு விடும் சாதாரணச் சொட்டு மருந்தை வாங்கி அந்தக் குப்பியில் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். நாலு விரலுக்கு ஒரு சொட்டு, ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த ஒழுங்கில் பாதியைக் கோர்வையில் காட்டியிருந்தால் நானும் நல்ல நெசவாளி ஆகியிருப்பேன்.

மூன்றாவது வாரம், "கண்ணு செவந்துக்கினு இருக்குது, வெளிச்சம் கூசுதுங்க" என்றாள். சிவந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். புதுக் கண் அப்படித்தான் இருக்கும் என்றேன். அதையே பதினொரு நாள் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, உண்மையான அழுகை.

"மருந்து ஒழுங்கா போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

நான் வாய் திறப்பதற்குள், "அவரு ஒரு சொட்டுகூடத் தப்பலம்மா" என்றாள் இளவரசி.

"சில உடம்பு ஏத்துக்காது. உங்க மேல தப்பில்ல ஐயா."

காந்தா குழம்பு கொண்டு வந்தாள். முதலாளி சேலையை மடிப்புக் கலைக்காமலே வாங்கிக்கொண்டார்.

இப்போது அவள் கருவிழிக்குள் ரத்தக்குழாய் வளர்ந்துவிட்டதாம். உடம்பு தள்ளிவிடும் அபாயம் இம்முறை அதிகம் என்பதால் திசுப் பொருத்தம் பார்த்துக் கண் தேடினார்கள். கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை ஆபரேஷன். கூட இருந்து மருந்து போடுகிறேன் என்று அவள் தங்கை ஜீவிதா கேட்டாள். "அவரு கைதான் எனக்கு நம்பிக்கை" என்று இளவரசி மறுத்துவிட்டாள்.

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. இந்தத் தடவை ஒரு வருடமாவது அவள் பார்க்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.