ஓட்டை இல்லாத பொட்டி

பத்து வாட்டா? வெளாட்றியா நைனா? எங்க ஊட்டு மிக்ஸியே எழுநூத்தம்பது வாட்டு. பத்து வாட்ல ஜீரோ பல்புதான் எரியும். வேற பெர்சா எதுனா எட்த்து காட்டு.

இல்லபா, கச்சேரிக்குலாம் இல்ல. ஊட்ல வாசிக்கதான். எம் மருமவ ரோஷினி கிட்டாரு வாசிப்பா, அதுக்கு சவுண்டு வர்ற பொட்டி. இன்னாது, ஆம்ப்பா? நீ ஆம்ப்புன்னு சொல்லு, நான் பொட்டின்னு சொல்றேன், ரெண்டு பேருக்கும் புரிஞ்சா சரி.

என்னயே பாக்கறியே, எனக்கு சவுண்டு தெரியாதுன்னு நெனச்சியா? மேனாம்பேட்ல மாவு மில்லு வெச்சுகினு கீறேன். சாமுண்டீஸ்வரி மில்லுன்னா சின்ன புள்ளகூட வழி சொல்லும். அஞ்சு எச்பி மோட்டாரு. காலைல சுச்சு போட்டன்னா தெருவுல எவனும் போன் பேச முடியாது. என்னாண்ட வந்து பத்து வாட்டுன்றே. சரி, போடு, கேட்டுட்டுதான் போறனே.

அடேங்கப்பா. நிறுத்து, நிறுத்து. நெஞ்சு தூக்கிப் போட்ருச்சு. இத்தினூண்டு பொட்டிலேர்ந்தா இம்மாம் சவுண்டு வர்து? சரி ஒத்துக்கறேன், வாட்டு வேற, சத்தம் வேற. மிஷின் ஓட்ற நானே ஏமாந்துட்டேன் பாரு.

இப்ப இன்னா, கரகரன்னுது? ரிப்பேர் பொட்டிய தள்ளி வுட்லாம்னு பாக்கறியா? பெல்ட்டு லூசானா எம் மில்லும் இப்டிதான் கத்தும். இன்னாது, வேணும்னே வெக்கறதா? கரகரன்றதுக்கு தனியா ஒரு பட்டனா? நல்லா கீதுபா உங்க நாயம். சரி, இருந்துட்டு போவட்டும். பட்டன அமுக்குனா நிக்குதுல்ல, அது போதும்.

இந்தாண்ட ஒரு ஓட்டை கீதே, அது எதுக்கு? ஹெட்போனு மாட்றதா. மாட்டுனா வெளில சத்தமே வராதா? அய்ய, அப்ப இது வேணாம். உள்ள வெய்யி. ஓட்டை இல்லாத பொட்டியா காட்டு.

இன்னா தம்பி, அப்டி பாக்கறே? வர்றவங்க எல்லாம் அந்த ஓட்டை கீதானு கேட்டுதான் வாங்குவாங்களா? பக்கத்து ஊட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான், ஊட்ல இருக்கறவங்களுக்கு தொந்தரவு இருக்காதுன்றியா? எனக்கு தொந்தரவு வேணும் நைனா. அதுக்குதான் இந்த ஓ.டி. கடைத்தெரு வரிக்கும் ஷேர் ஆட்டோல இடி பட்டுகினு வந்துகீறேன்.

மருமவ நேரா வராம மாமியா எதுக்கு வந்துகீதுன்னு உனுக்கு டவுட்டு. கேளு. அவ ஆவடி பக்கத்து பொண்ணு. சர்ச்சுல கொயர்ல வாசிச்சவ. எம்புள்ளைக்கு பந்தல் சாமான் வாடகைக்கு வுட்ற வேலை, அங்க ஒரு விசேசத்துக்கு சேர் எறக்க போனவன். சேர எறக்குனானோ இல்லியோ, இவ வாசிக்கறத பாத்துகினே நின்னுகீறான். அப்பால நானு அவங்க ஊட்டுக்கு தட்டு தூக்கினு போவ வேண்டியதா பூட்ச்சு. எனக்கென்னா, பொண்ணு தங்கம். வந்த நாள்லேர்ந்து மில்லு சத்தத்துக்கு மேல பாடிகினே துணி காயப் போடுவா.

கரண்டு கிட்டாரு கல்யாணத்துக்கு அப்பால அவன் வாங்கி குட்த்தது. அப்ப வாடகைக்கு எடுத்தாந்த ஸ்பீக்கர்ல மாட்டி வுட்டு, ஒக்காந்து கேட்டுகினு இருப்பான். உனுக்குன்னு தனியா ஒரு பொட்டி, தீபாவளிக்கு வாங்கித் தரேன்னு சொல்லி வெச்சுகீறான். அத்ததான் நான் வாங்க வந்துகீறேன்.

புள்ளையா? அவன் வரமாட்டான்பா. நீ என்னாண்டயே பேசு. அவளயும் கூட்டினு வர முடியாது. வேணாம் அத்தன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவா. இப்பலாம் எத்த கேட்டாலும் அதான் பதிலு.

அவ வாசிக்கறாளான்னே எனக்கு தெரியாம இருந்துச்சு, கேட்டுக்க. ஒரு நாளு மத்தியானம் கரண்டு கட்டு. மில்லு நின்னுபோச்சு. ஊடே கம்முனு கீது. ரூமு கதவாண்ட போறேன், உள்ள டொக்கு டொக்குனு ஒரு சத்தம், எலி கொறிக்கற மாதிரி. கதவ தொறந்தா, இவ வயரும் மாட்டாம பொட்டியும் இல்லாம, கிட்டார மடில வெச்சுகினு வெறுங்கம்பிய தட்டிகினு கீறா. என்ன பாத்ததும் திருடன் மாதிரி முழிக்கறா. இன்னாமா, நல்லா சத்தமா வாசிக்கறதுதானேன்னு கேட்டேன். தெருவுல எதுனா சொல்வாங்க அத்தன்றா. மில்லு ஓட்ற நேரமா பாத்து வாசிச்சுகினு இருந்துகீறா நைனா. யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு.

அதுவும் போச்சு. போன வாரம் கிட்டார உறைக்குள்ள போட்டு பீரோ மேல ஏத்தி வெச்சுட்டா. அன்னிக்கே மில்லு கல்லால காச எண்ணி எட்த்து வெச்சுட்டேன்.

தெருவுல எதுனா சொல்வாங்களாமா? எதிர் ஊட்ல சரசான்னு ஒண்ணு கீது. எங்க ஊட்ல அப்பளம் பொரிச்சா அது கணக்கு வெச்சுக்கும். அது காதுல வுழற மாதிரி ஒரு பொட்டி வேணும், அவ்ளோதான்.

எல்லாத்துலயும் ஓட்டை கீதா? ஓட்டை இல்லாம கம்பெனில செய்யறதே இல்லியா? சரி, எம்-சீல் கீதா கடைல? வெச்சு அடச்சு குடு. கேரண்டி போவுமா? போவட்டும். நீ பயந்தன்னா வுடு, மில்லுல எம்-சீல் கீது, நானே அடச்சுக்கறேன். மொதல்ல காட்னியே, கருப்பு, அதயே கட்டு.

இன்னா பளபளன்னு மேல ஒட்றே? தீபாவளி ஆஃபரா? ஸ்வீட்டு பாக்ஸ் வேற ஃப்ரீயா? அத்தலாம் எட்த்துடு கண்ணு. எங்களுக்கு இந்த வருசம் தீபாவளி இல்ல.

ஆமாம்பா. எம்புள்ளதான். வினோத்து. ஆடி மாசம், வேலப்பன்சாவடியாண்ட, பைக்ல. அய்ய, நீ ஏன் மூஞ்ச அப்டி வெச்சுக்கறே, நீ இன்னா பண்ணுவ. ஸ்டிக்கர கிழிச்சுட்டு டப்பாவ கட்டு.

வருசம் திரும்பறவரிக்கும் ஊட்ல பாட்டு கேக்கக்கூடாதாம், டிவி போடக்கூடாதாம். சொல்லிகினு கீறாங்க ஆளாளுக்கு. பெத்தவ நான், எனக்கு இல்லாத துக்கமா இவங்களுக்கு? அவன நெனச்சு அழுதுகினுதான் மாவு அரைக்கறேன், மில்லு சத்தத்துல யாருக்கும் கேக்காது. எனக்கு மில்லாவுது கீது. அந்த பொண்ணு மூச்சு வுடறதுக்குகூட தெருவ பாக்குது நைனா. அத்த பாத்துகினு என்னால இருக்க முடில. மில்ல நிறுத்திட்டு, வாசப்பக்கத்து ஜன்னல்ல இந்த பொட்டிய தூக்கி வெக்கப் போறேன். கேக்கறவங்க வந்து என்னாண்ட கேக்கட்டும்.

இரு, இரு, டப்பாவ மூடாதே. இதுல சத்தம் ஏத்தற திருகு எது? இதா? இப்டி வலப்பக்கம் திருப்பணுமா? நான் ஒரு தபா திருப்பிப் பாக்கறேன். அவ கொறச்சுகொறச்சு வெப்பா, நான்தான் போயி ஏத்தி வுடணும்.