தங்கமாரி கையில் ஒட்டியிருந்தது

இந்த நீரிழிவு விழிப்புணர்வு விழாவுக்குத் தலைமையேற்று, எங்கள் தவறுகளையும் தயவோடு கேட்கும் மருத்துவர் சாம்சன் அவர்களே! வடக்குப்பட்டின் வயலையும் வாழ்வையும் வளர்த்த பெரியவர்களே! அடுப்படி வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையரே! தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஒரகடத்து ஆலைகளில் உழைக்கும் தங்கைமாரே! லைன் சூப்பர்வைசர் புருஷோத்தமனின் பணிவான வணக்கம்.

வாழ்த்த வரவில்லை நான், வருந்த வந்திருக்கிறேன்.

எங்கள் ஆலையின் உற்பத்தி லைனில் ஒரு வழக்கம். வளையல், மோதிரம், வாட்ச், செல்போன் எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சென்ற மாதம் தங்கமாரி என்றொரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவள் மேல்கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. "இன்னாம்மா இது, வாட்ச்சு மாதிரி கீது? கழட்டி லாக்கர்ல வையி" என்றேன். உடனே பிய்த்தெடுத்துவிட்டாள்.

அது என்ன, அலங்காரமா? ஆடம்பரமா? இல்லை ஐயா! பத்து வயதிலிருந்து இன்சுலின் போடும் பிள்ளைக்கு, ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் செல்போனில் கூவி எச்சரிக்கும் கருவி அது! ஏன் அவள் சொல்லவில்லை? சொன்னால் வேலை போய்விடுமென்ற பயம். அந்தப் பயத்தை வளர்த்தது யார்? நாங்கள்தானே!

இரண்டு மணி நேரத்தில் அவள் கை நடுங்கியது; வியர்வை வழிந்தது. நானோ, "இன்னா, தூக்கமா? ஓவர்டைம் பாத்தா இப்படித்தான்" என்று கடிந்தேன். அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அடுத்த மெஷினிலிருந்து அறைத்தோழி சந்திரலேகா ஓடிவந்தாள்.

"சார், அவளுக்குச் சுகர் இறங்கிட்டு! சீனி கொண்டாங்க, சீக்கிரம்!"

கேன்டீனுக்கு ஓடினேன். சிரிக்காதே தம்பி, இந்தத் தொப்பையோடுதான் ஓடினேன்! சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காய்க் குடித்துத் தெளிந்தவள் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா?

"சார், என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவியளா?"

அழுதுவிட்டேன் ஐயா. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

இன்று அவள் கையில் புதுக் கருவி. அவள் செல்போன் என் மேசையில். அது கூவினால் லைன் நிற்கும். "உற்பத்தி என்னாவது?" என்று மேலிடத்தில் கேட்டார்கள். நின்ற லைனை மறுபடி ஓட்டலாம். நின்ற மூச்சை ஓட்ட முடியுமா?

முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இங்கே யாரேனும் இருக்கிறீர்களா? மறைக்காதே மகளே! கழற்றாதே கண்ணே!

அதோ, கடைசி வரிசையில் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டுகிறார்... அதே வெள்ளை வட்டம்! யாரது? மோகன்தானா? ஆறு வருடமாய்ப் பக்கத்து லைன் சூப்பர்வைசர். தினமும் என்னோடு டீ குடிப்பவன்! டேய் மோகா, என்கிட்டயாடா பயந்த?

மன்னியுங்கள் தலைவரே, இதற்கு மேல் என்னால் பேச முடியாது. கீழே இறங்கி அவன் கையைப் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.