ஆளுக்காள் விட்டுக்கொடுத்த பந்துக்குப் பிழை எழுதியவர்

டார்னெய்ட் தமிழர் பேஸ்பால் கழகத்தின் புள்ளிப் பதிவாளர் பொறுப்பிலிருந்து ஓய்வுபெறும் திருமதி விக்னேஸ்வரி இரத்தினசிங்கம் அவர்களுக்குக் கழகத்தார் அன்போடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

காற்றும் கனமழையும் கலைக்க முடியாத கதிரைக்குச் சொந்தக்காரரே! பென்சில் முனையில் பெருநேர்மை பிடித்தவரே! பந்து பறந்தபோதும் பார்வை பறக்காதவரே! கூடிக் கூச்சலிட்டுக் குதூகலிக்கும் எங்கள் கூட்டத்தின் நடுவே, கைதட்டவும் குரல் எழுப்பவும் உரிமையில்லாத ஒரே மேசையில் இத்தனை குளிர்காலம் அமர்ந்திருந்த எங்கள் விக்னா அன்ரியே! வணக்கம்.

வார நாட்களில் வெரிபீ மருந்தகத்தில் நின்றபடி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் உட்கார்ந்தபடி வேலை என்று வாழ்ந்தவர் நீங்கள். தெற்கிலிருந்து வரும் ஆகஸ்ட் மாதக் குளிர்காற்றில் எங்கள் தொப்பிகள் பக்கத்து ஊரான ட்ருகனினா வரை பறந்திருக்கின்றன. உங்கள் தாள் ஒன்றுகூடப் பறந்ததில்லை. புள்ளி எழுதுகிறவர் எந்த அணிக்காகவும் சத்தம் போடக்கூடாது என்பது அந்த மேசையின் மரபு. சொந்தக் கணவர் ஓடும்போதும் வாயைத் திறக்காமல் இருந்த உங்களைப் பார்த்து, இவருக்குப் பேச்சே வராதோ என்று புதிதாக வந்தவர்கள் எங்களிடம் இரகசியமாகக் கேட்டதுண்டு. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று இரத்தினசிங்கம் அங்கிள்தான் அவர்களுக்குப் பதில் சொல்வார்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுவார் என்று உங்கள் மகள் யோகா எங்களை எச்சரித்திருக்கிறாள். ஆகையால் இந்த மடலின் நடுப்பகுதியில் உங்களை 'அவர்' என்றே சொல்லப் போகிறோம். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தயவுசெய்து இருந்துவிடுங்கள்.

கிரிக்கெட்டோடு நின்றுவிட்ட பெரியோர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பதால் ஒரு விளக்கம். பேஸ்பாலில் எதிரணி எடுக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புள்ளிப் பதிவாளர் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். நல்ல அடியால் வந்த ஓட்டம் என்றால் அது ஈட்டிய ஓட்டம். பந்தை எறிந்த பிட்சரின் தலையில் விழும். பிடித்திருக்க வேண்டிய பந்தைப் பின்னால் நின்றவர் விட்டதால் வந்த ஓட்டம் என்றால் அது ஈட்டாத ஓட்டம். பிட்சர் தப்பினார், விட்டவர் பெயரில் பிழை ஏறும். இரண்டு பேர் ஆட்டமிழந்த நிலையில், மூன்றாமவரை வெளியேற்றிச் சுற்றையே முடித்திருக்க வேண்டிய பந்து பிழையால் நழுவினால், அந்தச் சுற்றில் அதன்பின் வரும் எந்த ஓட்டமும் பிட்சரைச் சேராது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் எது நல்ல அடி, எது பிழை என்று ஒருவர் மனதறிந்து சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் அந்த ஒருவர் விக்னேஸ்வரி.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டுக் குளிர்காலத்தின் கடைசி ஆட்டம் அது. பிட்சர் நுஸ்கி. பகலில் படிப்பு, மாலையில் சரக்குக் கிடங்கில் வேலை, மிச்ச நேரமெல்லாம் சுவரில் பந்தெறிந்து பழகியவன். மேல்தரக் கழகம் ஒன்று, பருவ முடிவில் அவன் விட்டுக்கொடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி இரண்டு ஓட்டத்துக்குக் கீழே இருந்தால் கோடையில் தங்கள் அணிக்கு எடுப்பதாக அவனிடம் சொல்லியிருந்தது. ஈட்டிய ஓட்டங்களின் சராசரி என்பதைக் கவனிக்கவும். ஐந்தாவது சுற்று வரைக்கும் அவன் அந்தக் கோட்டுக்குள்தான் நின்றான். வேலியோரம் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்ற அவன் தாய் ஜலீலா ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. தட்டு கையில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மைதானத்தின் பின்புற நடுவில், சென்டர் ஃபீல்டில் நின்றவன் சிவமணி. மதுரைப் பிள்ளை, யோகாவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை. அவனுக்கு வலப்பக்கத்தில் லெஃப்ட் ஃபீல்டில் நின்றவர் கழகத் தலைவரும் வருங்கால மாமனாருமான இரத்தினசிங்கம். நிச்சயதார்த்தத்துக்கென மதுரையிலிருந்து வந்திறங்கிய சிவமணியின் பெற்றோர், வாங்கிய புதுக் குளிர்ச்சட்டையின் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டிலேயே வில்லங்கம் இருந்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.

இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று. இரண்டு ஓட்டக்காரர்கள் தளங்களில் நிற்கிறார்கள். பந்து வானத்துக்கு எழுந்து, சிவமணிக்கு நேராக, பிள்ளையார் கோயில் பிரசாதம்போல் மெதுவாக இறங்கியது. சிவமணி கீழே போய் நின்று கையுறையையும் உயர்த்திவிட்டான். அப்போது பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். மாமா மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

"நீங்க பிடிங்க மாமா!"

"இல்லை இல்லை, நீர் பிடியும் தம்பி!"

"பரவாயில்ல மாமா, நீங்க!"

கையுறை இறங்கியது. இருவரும் ஆளுக்கோர் எட்டுப் பின்னால் வைத்தார்கள். விருந்தில் கடைசி வடையை ஒருவருக்கொருவர் தள்ளும் அந்த மரியாதையோடு அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து இருவருக்கும் நடுவே புல்லில் விழுந்தது. இரண்டு ஓட்டம் வந்தது. அடுத்தவன் அடித்ததில் மூன்றாவதும் வந்தது. அதற்கடுத்தவனை நுஸ்கி மூன்று எறியில் வெளியேற்றினான். ஆனால் வேலை கெட்டுப்போயிருந்தது. அந்த மூன்றும் ஈட்டிய ஓட்டமானால் அவனுடைய கோடையும் போயிற்று.

பக்கத்தில் இருந்த எதிரணிப் பதிவாளர், யாரும் தொடாத பந்தை அடி என்று போட்டுவிடுவதுதான் இங்கே வழக்கம், ஒருவர் மனமும் நோகாது என்றார். உண்மைதான், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தொடவில்லை என்பதற்காகப் பிழை பிழையில்லாமல் போய்விடாது என்று விதி சொல்வதும் விக்னேஸ்வரிக்குத் தெரியும். எழுதுவதற்குள் சுற்று முடிந்து ஆட்டக்காரர்கள் மேசைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

"இஞ்சேரும், பந்து இடையிலை விழுந்தது. ஆற்ரை பிழையும் இல்லை. அடியெண்டு போட்டுவிடும்," என்றார் இரத்தினசிங்கம். பிறகு சம்பந்தி வீட்டார் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "அவையள் பாத்துக்கொண்டிருக்கினம்."

விக்னேஸ்வரிக்கும் அடி என்று எழுதத்தான் ஆசையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மகளின் கல்யாணம் இன்னும் கல்லில் எழுதிய காரியம் அல்ல. எத்தனை கல்யாணங்கள் இதைவிடச் சின்ன மனத்தாங்கலில் முறிந்திருக்கின்றன! அவர் பென்சில் நின்றது. தலையை உயர்த்தி நுஸ்கியைப் பார்த்தார். அவன் மேசைப் பக்கம் வரவில்லை. தூரத்தில் குனிந்து, சப்பாத்தால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். கேட்கமாட்டான் அந்தப் பிள்ளை. கேட்டிருந்தால்கூட அவருக்குக் கோபம் வந்து வேலை சுலபமாகியிருக்கும். அவன் கேட்காமல் நின்றான். எங்கள் வீட்டு மரியாதைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"இது பிழைதான்," என்றார்.

"அப்ப என்ரை பேரிலை போடும்," என்றார் இரத்தினசிங்கம் உடனே.

"வேணாம் அத்தை, என் பேர்லயே போடுங்க. மாமாவை விட்ருங்க," என்றான் சிவமணி.

"சும்மா இரும் தம்பி, நான்தான் குறுக்கை ஓடி வந்தனான்!"

"பந்து வரேக்கை ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிண்டியள்," என்றார் விக்னேஸ்வரி. "இப்ப பிழைக்கு மட்டும் ரெண்டு பேரும் முந்திக்கொண்டு வாறியள். தள்ளி நில்லுங்கோ, வெளிச்சத்தை மறைக்காமல்."

கணவர் பெயரில் எழுதியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மாப்பிள்ளையின் மானமும் தப்பும், பிட்சரும் தப்புவான். ஆனால் கீழே போய் நின்றவன் சிவமணி. கையுறையை உயர்த்தியவனும் அவனே. எழுதியது சிவமணியின் பெயரில். அதை ஒலிபெருக்கிக்காரர் மைதானம் முழுக்கக் கேட்க, இரண்டு தரம் வேறு வாசித்தார்.

ஆட்டம் முடிந்ததும் சிவமணியின் தாயார் நேரே மேசைக்கு வந்தார். இரத்தினசிங்கம் அங்கிள் அந்த இடத்தில் நிற்கவில்லை. கார் திறப்பைக் காணோமென்று சட்டைப்பையைத் தடவியபடி போய்விட்டார்.

"எங்க பையன் பேர்ல குத்தம் எழுதினது நீங்கதானா?"

"ஓம், நான்தான்." சொன்னதோடு நில்லாமல் தாளையும் தாயார் பக்கம் திருப்பிவைத்தார் என்று எதிரணிப் பதிவாளர் பிறகு எங்களிடம் சொன்னார்.

அந்த அம்மா குனிந்து தாளைப் பார்த்தார். "சின்ன வயசுலேருந்து இவன் இப்படித்தாங்க. தனக்கு வந்ததை அடுத்தவன் எடுத்துக்கட்டும்னு நிப்பான். நாங்க நல்ல பிள்ளை, நல்ல பிள்ளைன்னு சொல்லியே கெடுத்துட்டோம். இன்னிக்குத்தான் ஒருத்தர் எடுத்துச் சொல்லிருக்கீங்க," என்று சொல்லிப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் ஜலீலாவுக்கும் தட்டு நினைவுக்கு வந்தது. முதல் ரோல்ஸ் அந்தச் சம்பந்தியம்மாவுக்குப் போனது. மிச்சத்துக்கு நாங்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அடிபட்டோம்.

இனி மறுபடியும் உங்களிடமே பேசுகிறோம், அன்ரி. எழுந்துவிடாதீர்கள்.

கல்யாணம் நடந்தது. நுஸ்கி கோடையில் மேல்தர அணிக்குப் போனான். உங்கள் மருமகன் இப்போது பந்து எழுந்தாலே, "என்னோடது மாமா, தள்ளுங்க!" என்று டார்னெய்ட் முழுக்கக் கேட்கக் கத்துகிறார். மாமாவும் தள்ளுகிறார். ஒரு பென்சில் கோட்டால் ஒரு குடும்பத்தின் வாய் திறந்ததை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை!

சென்ற மாதச் சிநேக ஆட்டத்தில் உங்கள் கதிரையில் புதிதாக உட்கார்ந்தவர் ஜலீலா. நுஸ்கி பழைய பாசத்தில் எங்களுக்காக எறிய வந்திருந்தான். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்ற ஹனீன் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தும், அது கையுறை விளிம்பில் பட்டு நழுவ, ஓர் ஓட்டம் வந்தது. ஹனீன் பேரில் பிழை என்று எழுதினால் மகன் தப்புவான். அன்றுபோலவே எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டோம். நீங்கள் பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

"அடி," என்றார் ஜலீலா.

"உம்மா!" என்று நடு மைதானத்திலிருந்து கையை விரித்தான் நுஸ்கி.

"என்ன உம்மா? அந்தப் புள்ள உழுந்து எழும்பினது தெரியல்லையா? நீ ஒழுங்கா எறிஞ்சிருந்தா அவன் அடிச்சிருக்க மாட்டான். போய் எறி மகன்!"

நீங்கள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தீர்கள். "அப்ப இனி நான் கத்தலாம்தானே?" என்று கேட்டீர்கள். பதிலுக்குக் காத்திராமல் வேலியோரம் போய் நின்றீர்கள். அடுத்த சுற்றில் சிவமணி அடித்துவிட்டு ஓடியபோது, "ஓடும் மருமகன், ஓடும்!" என்று ஒரு குரல் எழுந்தது. அது யாருடைய குரல் என்று நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இத்தனை வருடத்தில் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. சிவமணியும் திரும்பிப் பார்த்தார். அதனால் இரண்டாவது தளத்தில் ஆட்டமிழந்தார். ஜலீலா அதையும் உள்ளபடி எழுதினார்.

நடுநிலையின் நாயகியே! நல்லோரின் நம்பிக்கையே! தொண்டை கட்டக் கட்டக் கத்தவும், கத்திய களைப்புக்குத் தேநீர் குடிக்கவும், பேரப்பிள்ளைகள் விடும் பந்துகளைக் கண்டும் காணாமல் இருக்கவும் தேவையான திடமும் தீர்க்காயுளும் உங்களுக்கும் அங்கிளுக்கும் குறைவின்றி வாய்க்க வேண்டுகிறோம். வேலியோரத்தில் உங்களுக்கென ஒரு கதிரை போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்து கத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

என்றும் உங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட,
டார்னெய்ட் தமிழர் பேஸ்பால் கழக ஆட்டக்காரர்கள், வேலியோரத்துத் தாய்மார், குசினிக் குழுவினர்
வெரிபீ, செப்டம்பர் 2013