தலைமாட்டு ஜன்னல்

அங்க வேணாம்மா, மெஷின இந்தக் கட்டில் மேலயே வை. தலைமாட்டுல. ஆமா, எங்க வீட்டுக்காரரு படுத்திருந்த எடம்தான். காத்துல தூசி அளக்க வீடு வீடா வர்றீங்கன்னு நோட்டீஸ் பாத்ததும் நானேதான் பேரு குடுத்தேன். அடுத்த வீட்டுக்குப் போகணுமா? போலாம், போலாம். மூணு மாடி ஏறி வந்திருக்க, தண்ணி குடி மொதல்ல.

கீழ சிக்னல் பாத்தேல்ல? ரெட் விழுந்தா இருபது லாரி நின்னு உறுமும். நானும் நாளைக்கு மூணு வாட்டி இந்த ஜன்னலத் தொடைப்பேன், துணி கன்னங்கரேல்னு வரும். அவரப் பாத்த டாக்டர்கிட்ட சொன்னா சிரிச்சாரு. கண்ணுக்குத் தெரியறது பெருசில்லம்மா, தெரியாத தூசிதான் ஆபத்து, நுரையீரலத் தாண்டி ரத்தத்துல கலந்து இதயம் வரைக்கும் போயிடும்னாரு.

எங்க வீட்டுக்காரரா? ரேடியோ ரிப்பேர் வேல. சிகரெட்டக் கையால தொட்டதில்ல. ஆனா வாய் இருக்கே! ரிப்பேருக்கு வந்த ரேடியோ கூட அவருகிட்ட தோத்துப் போகும். கல்யாணமான புதுசுல, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்கேன். அப்புறம் ரெண்டு வார்த்தைக்கு ஒரு வாட்டி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. கடைசி எட்டு மாசம் வெறும் ஜாடதான்.

பையனா? வெளியூரு. ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணிடுவான். நல்ல புள்ள.

அவரு போனதா? மாரடைப்பும்மா. நாங்க நுரையீரலையே பாத்துக்கிட்டிருந்தோம், இதயம் முந்திக்கிச்சு.

என்ன காட்டுது? முப்பத்தெட்டா? ஜன்னல் சாத்தியிருக்குல்ல, அதான். இரு, தொறக்கறேன். ஏறுதா? எழுவது... நூத்திப் பத்தா? அடேயப்பா.

சேச்சே, பயமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். சாத்தியே வைங்கம்மான்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாரு. எங்க வீட்டுக்காரரும் கையக் கையக் காட்டுவாரு, சாத்து சாத்துன்னு. சாத்துவேன். அவரு கண்ணசந்ததும் சத்தமில்லாம தொறந்துடுவேன். தெனமும்தான். கீழ கண்டக்டர் கத்துவாரு, எவனாவது எவன்கிட்டயாவது வழி கேப்பான். அவரு பேச்சு நின்னப்புறம் இந்த வீட்ல என்னால இருக்க முடியலம்மா. யாரு கொரலாவது கேட்டா போதும்னு இருந்துச்சு.

நூத்தி நாப்பதா? எழுதிக்கோ.