மூன்று சுவர் வீடு

— அய்யய்யோ, நில்லுங்க! சுவரை மிதிக்கறீங்க!

— எந்தச் சுவரை?

— காலுக்குக் கீழ பாருங்க. வெள்ளை டேப்பு.

— இதுவா சுவர்? தரையில ஏதோ விரிசல், ஒட்டு போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்.

— அதோ, அங்க இடைவெளி விட்டிருக்கேன்ல, அதான் வாசல். சுத்தி அந்த வழியா வாங்க.

— ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிட்டு நிம்மதியா தூங்கலாம்னு இருந்தவனை காலேஜுக்கு வரவழைச்சு, இல்லாத வாசல் வழியா வரச் சொல்ற.

— கதவைத் திறக்காமயே வந்துட்டீங்க.

— போச்சுடா... சரி, திறந்தேன். மூடிட்டேன். தாழ்ப்பாளும் போடணுமா?

— என் முதல் வருஷப் பிள்ளைங்க உங்களைவிடத் தேவலை.

— அவங்களுக்கு மார்க் போடுவ. எனக்கு என்ன போடுவ?

— டீ. பிளாஸ்க்ல இருக்கு. வேலை முடிஞ்சாதான்.

— என்ன வேலைன்னு சொல்லு முதல்ல.

— புது நாடகம். மேடையில வீடு கட்டறதுக்கு முன்னாடி, இப்படித் தரையில நிஜ அளவுக்கு டேப்பு ஒட்டி நடந்து பார்ப்போம். ஆளு நடமாட இடம் இருக்கான்னு தெரியணும்ல. நடிக்கறவருக்குக் காய்ச்சல். உங்க உயரம்தான் அவரும். உங்க... சுற்றளவும்.

— சுற்றளவை ஏன் இழுத்துச் சொல்ற?

— நடங்க. இதுதான் கட்டில். எந்திரிச்சு சமையல் பக்கம் போங்க.

— போறேன்... இங்க என்ன, வெளிய போக இன்னொரு வழியா?

— இல்ல, அது பார்வையாளர் பக்கம். அங்க சுவர் கிடையாது.

— மூணே சுவரா? எந்த ஊர்லம்மா மூணு சுவர்ல வீடு கட்டறாங்க?

— நாடகத்துல எல்லா வீட்டுக்கும் மூணு சுவர்தான். நாலாவதைக் கட்டினா ஜனங்க எப்படிப் பார்ப்பாங்க? நாங்க அதை நினைக்கறதே கிடையாது. கை தானா அதை விட்டுடும்... எங்க, சமையலுக்குப் போகச் சொன்னேனே?

— வந்துட்டேன். டம்ளரை எடுக்கறேன். குடிக்கறேன். கழுவறேன். கவுத்து வைக்கறேன்.

— அடேங்கப்பா. நம்ம வீட்டுல ஒரு நாளாவது கவுத்து வச்சிருக்கீங்களா?

— இது நாடகம்னு நீதானே சொன்ன.

— முழங்கை இடிக்குதா?

— இல்லாத சுவர்ல எப்படி இடிக்கும்?... சரி சரி, முறைக்காத. இடிக்கல. கட்டில்கிட்டத்தான் கொஞ்சம் நெருக்கம். ஒருத்தர் எந்திரிச்சா இன்னொருத்தர் காலை மடக்கணும்.

— மடக்கிக்கலாம்.

— யாரு?

— அதான்... அவங்க. நாடகத்துல ஒரு புருஷன், பொண்டாட்டி. ரெண்டு பேருதான்.

— அவன் என்ன பண்றான்?

— மேசை போட்டு உக்காந்து செய்யற வேலை.

— அவ?

— வாத்தியார்.

— ம்ம்.

— என்ன ம்ம்?

— ஒண்ணுமில்ல. வாத்தியாருக்கு ஒத்தை ரூம்தானான்னு யோசிச்சேன்.

— அந்த வேலைக்கு அதான் குடுக்கறாங்களாம். பெரிய வீடு காலியாக நாளாகுமாம்.

— இவ்வளவு கணக்கா ஒட்டியிருக்கியே, அளவெல்லாம் எங்க பிடிச்ச?

— போன்ல கேட்டேன்.

— யார்கிட்ட?

— அது... செட்டு போடறவர்கிட்ட. அதை விடுங்க. மேசையை எங்க போடலாம்னு பாருங்களேன். அதான் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது.

— இந்த மூலையில?

— அங்க அலமாரி.

— இங்க?

— அங்க கதவு திறக்கும்.

— அப்போ ஜன்னல்கிட்ட போட்டுடு. ஜன்னல் எங்க?

— ஜன்னல் இல்ல.

— வீட்டுக்கு ஜன்னல் இல்லையா?

— கேட்ட வரைக்கும் இல்ல... லைட் போட்டுக்கலாம்.

— பொடி ஸ்க்ரூ மாட்டறவனுக்கு லைட் போதாது. பகல் வெளிச்சம் வேணும்.

— ஸ்க்ரூவா? நான் மேசை வேலைன்னுதானே சொன்னேன்?

— நானும் பொதுவாத்தான் சொன்னேன். ஆமா, உன் காலேஜ் விஷயம் என்னாச்சு? இந்த வருஷமும் அதே கௌரவ விரிவுரையாளர்தானா?

— அதே கௌரவம்தான்.

— உங்கிட்ட குரல் பயிற்சி எடுத்தவன்தானே இப்போ உனக்குத் துறைத்தலைவர்?

— நல்ல பையன். என்னைப் பார்த்தா இன்னும் எந்திரிச்சு நிக்கறான்.

— நின்னுகிட்டே உன் வகுப்பைக் குறைக்கறான்.

— அவன் என்ன பண்ணுவான்? மேல இருந்து சொல்றதைச் செய்யறான்... எனக்கு வருத்தமெல்லாம் பழகிப்போச்சுங்க. ஒவ்வொரு லீவுலயும், இனி கூப்பிடுவாங்களான்னு போனையே பார்த்துட்டு உக்கார்றேன் பாருங்க, அதுதான் பழகல. விடுங்க, நாடகத்துக்கு வருவோம்.

— சரி. அந்தப் புருஷன் பொண்டாட்டிக்கு என்ன பிரச்சனை? சும்மா டம்ளர் கழுவறதைப் பார்க்கவா ஜனங்க வருவாங்க?

— அவளுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நிரந்தர வேலை. நாடகத் துறையையே புதுசா அவதான் ஆரம்பிக்கணும். அவனுக்கு இந்த ஊர்ல கடை.

— கடையா? மேசைன்னு சொன்ன?

— மேசை உள்ள கடை.

— ஓ.

— சிரிக்காதீங்க.

— நான் எங்க சிரிச்சேன்? அவன்கிட்ட சொன்னாளா?

— இல்ல.

— ஏன்? அவன் கோவக்காரனா?

— கோவக்காரனா இருந்தா சுலபமா சொல்லியிருப்பாளே. அவன் உடனே சரின்னு சொல்லிடுவான். அதான் பயம். மனசுக்குள்ள எல்லாத்தையும் போட்டுப் பூட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே கடையை மூடிட்டு வந்துடுவான். அப்புறம் அந்த இருட்டு ரூம்ல அவன் ஸ்க்ரூவைத் தேடறதைப் பார்க்க அவளால முடியாது.

— வேண்டாம்னு சொல்லிட்டா?

— அதுவும் பயமாத்தான் இருக்கு. அவளுக்கு அந்த வேலை வேணும். ரொம்ப வேணும்.

— முடிவு என்ன எழுதியிருக்காங்க?

— இன்னும் எழுதல.

— யாரு எழுதறது?

— ...நான்தான்.

— எப்போ முடிக்கணும்?

— நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்... முடிக்கணும்.

— ம்ம். எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கடைக்காரன் ஒண்ணும் தெரியாதவனாவே இருக்கானே, அது நம்பற மாதிரி இல்லையே. நீ வகுப்புல இருக்கும்போது அந்த ஊர் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு ஒரு போன் வந்திருக்கலாம்ல? ‘மேடம் குவார்ட்டர்ஸ் எடுத்துக்கறாங்களா, இல்லையா’ன்னு?

— என்ன சொல்றீங்க?

— நாடகத்தைச் சொல்றேன். கண்ணாடி மாட்டற வேலை... சரி, மேசை வேலைன்னே வச்சுக்க. எந்த ஊருக்குப் போனா என்ன? கண்ணு எல்லா ஊர்லயும் மங்கத்தான் செய்யும். அந்த டேப்பு எங்க?

— எதுக்கு?

— குடேன்.

— இந்தாங்க... என்ன பண்றீங்க? அங்க ஏன் ஒட்டறீங்க? அது பார்வையாளர் பக்கம்னு சொன்னேன்ல, அங்க சுவர் கிடையாது!

— நாடகத்துக்குத்தான் கிடையாது, ப்ரொஃபசரம்மா. நீ பழக்கதோஷத்துல மூணு சுவரை மட்டும் கேட்டுட்டு போனை வச்சுட்ட. போன வாரம் பிரேம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு அந்தக் குவார்ட்டர்ஸுக்குத்தான் போனேன், வாட்ச்மேன் திறந்து காட்டினார்... நாலாவது சுவர்லதான் இவ்ளோ பெரிய ஜன்னல், என் மேசைக்குன்னே வச்ச மாதிரி. வா, அந்த முனையைப் பிடி.